மழைக்காலமும் பேஸ் கிட்டாரும்: ஸ்ட்ரிங் தேர்வும் செட்டப்பும் புதியவர்களுக்கு

பேஸ் கிட்டார் வாங்கிய முதல் ஆண்டிலேயே பலருக்கும் ஒரு குழப்பம் வந்துவிடும். கடையில் எடுத்து வாசித்தபோது விரலுக்கு இதமாக இருந்த கருவி, மூன்று நான்கு மாதத்தில் ஆளே மாறிப்போனது போல் நடந்துகொள்ளும். ஸ்ட்ரிங் மேலே தூக்கிக்கொண்டு கை வலிக்கும். அல்லது கீழே இறங்கி ஃபிரெட்டில் பட்டு இரையும். கருவி கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். காற்றில் ஈரம் கூடியிருக்கும் அல்லது குறைந்திருக்கும். இல்லையென்றால் நீங்கள் வேறு வகை ஸ்ட்ரிங் மாட்டியிருப்பீர்கள். இரண்டுமே கடைசியில் நெக்கை, அதாவது கருவியின் நீண்ட கழுத்தைத்தான் வளைக்கின்றன. அந்த வளைவை அளக்கவும் திருத்தவும் தெரிந்துவிட்டால் செட்டப்பில், அதாவது கருவியை வாசிக்க வாகாகத் திருத்தி அமைப்பதில், பெரும்பகுதி உங்கள் கைக்குள் வந்துவிடும்.

இங்கே சொல்வதெல்லாம் 34 அங்குல ஸ்கேல் (நட்டிலிருந்து சேடில் வரை ஸ்ட்ரிங்கின் நீளம்) உள்ள, உள்ளே குடைவில்லாத கட்டை உடம்பு கொண்ட நான்கு ஸ்ட்ரிங் எலெக்ட்ரிக் பேஸுக்குப் பொருந்தும். சென்னை, கடலூர், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். மூன்று பெயர்கள் மட்டும் தெரிந்திருந்தால் போதும்: ஃபிரெட் என்பது நெக்கின் குறுக்கே பதித்த கம்பி, நட் என்பது தலைப்பக்கம் ஸ்ட்ரிங் உட்காரும் பள்ளக் கட்டை, சேடில் என்பது உடம்புப் பக்கம் ஸ்ட்ரிங் உட்காரும் தாங்கி.

நெக்குக்குள் நடப்பது என்ன

நான்கு ஸ்ட்ரிங்கும் சரியான சுருதியில் நிற்கும்போது ஏறக்குறைய 75 கிலோ இழுவிசையோடு நெக்கை முன்பக்கம் இழுக்கின்றன. அதற்கு எதிராக நெக்கின் உள்ளே டிரஸ் ராடு என்ற இரும்புக் கம்பி நிற்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பது மரம். ஸ்ட்ரிங்கின் இழுப்பும் ராடின் எதிர்ப்பும் நாளுக்கு நாள் அதிகம் மாறுவதில்லை. மரம்தான் மாறுகிறது.

மரம் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும், வறண்டால் விட்டுவிடும். ஈரம் ஏறினால் அகலவாட்டில் நன்றாகவே உப்பும். நீளவாட்டில் மிக மிகக் குறைவாகத்தான் மாறும். ஆனால் நெக்கின் பின்பக்கம் பெரும்பாலும் வார்னிஷ் பூசிய மேப்பிள். முன்பக்கம் விரல் படும் பலகை வார்னிஷ் இல்லாத ரோஸ்வுட். இரண்டும் ஒரே வேகத்தில் ஈரம் குடிப்பதில்லை. ஒரு பக்கம் துளி நீண்டு மறுபக்கம் அப்படியே நின்றால் நெக் வளையத்தானே செய்யும்? 0.1 மி.மீ. வளைவு மாறினாலே விரலுக்குத் தெரிந்துவிடும்.

மழை வந்தால் எந்தப் பக்கம் வளையும் என்று கேட்பீர்கள். ஒரே பதில் கிடையாது. சில நெக் பின்னால் வளைந்து முதல் ஐந்து ஃபிரெட்டில் இரையும். சில நெக் முன்னால் குழிந்து, ஃபிரெட்டுக்கு மேல் ஸ்ட்ரிங் நிற்கும் உயரமான ஆக்‌ஷன் உயரும். மரம், அது வெட்டப்பட்ட விதம், வார்னிஷின் கனம் எல்லாம் சேர்ந்துதான் அதை முடிவு செய்கின்றன. அதனால் நண்பர் ஒருவர் ‘மழைக்காலத்தில் ராடைக் கொஞ்சம் இறுக்கிவிடு’ என்று சொன்னால் அது அவருடைய கருவிக்கான அறிவுரை. உங்கள் கருவியை நீங்கள்தான் அளக்க வேண்டும்.

கட்டை உடம்பைப் பற்றிக் கவலை வேண்டாம். தடித்த மரம், மேலே பெயின்ட். அகௌஸ்டிக் பேஸ் கிட்டார் வைத்திருப்பவர்களுக்கு இது பொருந்தாது. அதன் மெல்லிய மேல்பலகையே ஈரத்தில் உப்பி, ஸ்ட்ரிங்கைத் தாங்கும் பிரிட்ஜைத் தூக்கிவிடும்.

முதல் வேலை: அறையின் ஈரத்தை அளப்பது

ஸ்க்ரூவைத் தொடும் முன் ஒரு சிறிய டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர் வாங்குங்கள். வெப்பத்தையும் காற்றின் ஈரப்பதத்தையும் காட்டும் சின்னப் பெட்டி அது, சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். மலிவான மீட்டர்கள் சில புள்ளிகள் தவறாகக் காட்டலாம். வீட்டிலேயே சரிபார்க்க வழி இருக்கிறது. ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, சில சொட்டுத் தண்ணீர் விட்டு ஈர மணல் பதத்துக்குக் குழைத்துக்கொள்ளுங்கள். உப்பு முழுதும் கரைந்துவிடக் கூடாது. அதையும் மீட்டரையும் ஒரு ஜிப் கவரில் போட்டு மூடி எட்டு மணி நேரம் விடுங்கள். கவருக்குள் ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். மீட்டர் 70 காட்டினால், எப்போதும் 5 கூட்டிப் படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

கிட்டார் தயாரிப்பாளர்கள் பொதுவாகக் கேட்பது 45 முதல் 55 சதவீதம். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை பெய்யும் சென்னையில், ஜன்னல் திறந்த அறையில் 80ஐத் தாண்டுவது சாதாரணம். அந்த 50ஐ எப்படியாவது பிடிக்க வேண்டும் என்று போராடத் தேவையில்லை என்பது என் கருத்து. 60, 65 என்று ஒரே அளவில் நின்றால் எலெக்ட்ரிக் பேஸ் அதற்குப் பழகிக்கொள்ளும். உண்மையில் தொல்லை தருவது ஊசலாட்டம். இரவு முழுக்க ஏசி ஓடி அறை 50க்கு இறங்கும். காலையில் அணைத்து ஜன்னலைத் திறந்ததும் 80க்கு ஏறும். நெக் தினமும் இப்படி இழுபடும். மிருதங்கம் வாசிப்பவர்கள் கச்சேரிக்கு முன்னால் சபாவின் ஏசியில் வாத்தியத்தை வைத்துவிட்டு அப்புறம் சுருதி சேர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். தோலுக்கு நிமிடங்களில் நடப்பது மரத்துக்கு நாட்களில் நடக்கிறது.

ஆகவே ஏசி போட்டு அணைக்கும் அறையில் பேஸை ஸ்டாண்டில் நிறுத்தி வைக்காதீர்கள். வாசித்து முடித்ததும் கேஸில் வைத்து மூடுங்கள். ஹார்ட் கேஸ் நல்லது. கனமான துணிப் பை (கிக் பேக்) இருந்தாலும் பரவாயில்லை. மழைக்காலத்தில் உள்ளே இரண்டு மூன்று சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். நிறம் மாறும் வகையாக வாங்கினால் எப்போது ஈரம் நிறைந்தது என்று தெரியும். மெதுவாகச் சூடாக்கி உலர்த்தி மறுபடி பயன்படுத்தலாம். ஈரத்தை வாங்கவும் திருப்பி விடவும் செய்யும் இருவழிப் பொட்டலங்களும் கிடைக்கின்றன, விலை கூடுதல். ஆனால் கடலோர ஈரத்தில், காற்று புகும் துணிப் பைக்குள் போட்டால் அவை சீக்கிரம் நிறைந்துவிடும். இறுக்கமாக மூடும் கேஸ் இருந்தால் மட்டும் அதற்குச் செலவு செய்யுங்கள்.

மழை நனைக்கும் வெளிச்சுவரில் பேஸை மாட்டி வைக்கக் கூடாது. வெயிலில் நிற்கும் காரில் விட்டுவிட்டுப் போகக் கூடாது. மழையில் நனைந்த பையில் கருவியை இரவு முழுக்க வைத்திருக்கவும் கூடாது. வீட்டுக்கு வந்ததும் வெளியே எடுத்துத் துடைத்து, பையைத் தனியாகக் காயவையுங்கள்.

மதுரை, திருச்சி போன்ற உள்மாவட்டத்து வாசகர்களுக்கு ஏப்ரல், மே மாதங்களில் நேர் எதிர்ச் சிக்கல் வரும். மரம் வறண்டு அகலத்தில் சுருங்கும். ஃபிரெட் கம்பி சுருங்காது. நெக்கின் ஓரத்தில் கையை ஓட்டினால் ஃபிரெட் முனை குத்தும். உடனே அரம் போட்டுத் தேய்க்க வேண்டாம். மழை வந்ததும் மரம் பழையபடி உப்பும். வார்னிஷ் இல்லாத ரோஸ்வுட் பலகையாக இருந்தால் ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை துணியில் சில சொட்டு ஃபிரெட்போர்டு ஆயில் தொட்டுத் தடவலாம். வார்னிஷ் பூசிய மேப்பிள் பலகைக்கு எண்ணெயே வேண்டாம்.

ஸ்ட்ரிங்: பாக்கெட்டில் எழுதியிருப்பதன் பொருள்

பாக்கெட்டில் 45–105 என்று இருந்தால் மிக மெல்லிய ஜி ஸ்ட்ரிங்கின் கனம் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 45 பங்கு, மிகத் தடித்த ஈ ஸ்ட்ரிங்கின் கனம் 105 பங்கு என்று பொருள். புதியவர்களுக்கு 45–100 அல்லது 45–105 நல்ல தொடக்கம். கடையில் வரும் பெரும்பாலான பேஸ்கள் இந்தக் கனத்துக்குத்தான் செட்டப் செய்யப்பட்டிருக்கும்.

கனம் கூடினால் அதே சுருதியில் இழுவிசையும் கூடும், அதுவும் வேகமாகக் கூடும். ஜி ஸ்ட்ரிங்கை 45லிருந்து 50க்கு மாற்றினாலே அந்த ஒரு ஸ்ட்ரிங்கின் இழுப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஏறிவிடும். நெக் இன்னும் முன்னால் குழியும், நடு ஃபிரெட்டுகளில் ஆக்‌ஷன் உயரும். 40–95 போன்ற மெல்லிய செட் போட்டால் ராடின் கை ஓங்கி நெக் நேராகும், சில சமயம் பின்னாலேயே வளையும். கீழ் ஃபிரெட்டுகள் இரையும். சுருதியை இறக்கினாலும் இதுதான். அரை ஸ்வரம் இறக்கினால் இழுவிசை சுமார் 11 சதவீதம் குறையும், ஒரு முழு ஸ்வரம் இறக்கினால் சுமார் 20 சதவீதம். பாடகருக்காகப் பாட்டுக்குப் பாட்டு சுருதி மாற்றிக்கொண்டே இருந்தால் எந்த செட்டப்பும் நிற்காது. உங்கள் குழு எதில் அதிகம் வாசிக்கிறதோ அதற்கு செட்டப் செய்துகொள்ளுங்கள்.

அடுத்தது சுற்றுக்கம்பியின் வகை. ரவுண்ட்வவுண்ட் என்றால் நடுக்கம்பியைச் சுற்றி உருண்டைக் கம்பி. பிரகாசமான, கணீரென்ற ஒலி. ஃப்ளாட்வவுண்ட் என்றால் பட்டையான ரிப்பன். வழவழப்பு, ஆழ்ந்த மழுங்கிய ஒலி, விரல் நகரும் சத்தமே இருக்காது. 1951இல் ஃபெண்டர் நிறுவனத்தின் பிரிசிஷன் பேஸ் வந்தபோது ஃப்ளாட்வவுண்ட்தான் வழக்கம். ரவுண்ட்வவுண்ட் 1960களில் பரவியது, அதில் இங்கிலாந்தின் ரோட்டோசவுண்டு நிறுவனத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அமெரிக்காவில் டெட்ராய்ட்டின் மோட்டவுன் இசை நிறுவனப் பாடல்களில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், கனமான லா பெல்லா ஃப்ளாட்வவுண்ட் செட்டை அறுந்தால் தவிர மாற்ற மாட்டார் என்பது பேஸ் வாசிப்பவர்கள் எல்லோரும் அறிந்த செய்தி.

ஃப்ளாட்வவுண்ட் என்றால் எல்லாமே இறுக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். ஜேமர்சன் போட்ட 52–110 செட் நெக்கை வலுவாக இழுக்கும். ஆஸ்திரியாவின் தோமஸ்டிக் செய்யும் ஜாஸ் ஃப்ளாட் செட்டோ பல ரவுண்ட்வவுண்ட் செட்டை விடத் தளர்வு. கனத்தை மட்டும் பார்த்து இதைச் சொல்ல முடியாது. நடுக்கம்பி எப்படிப்பட்டது, எவ்வளவு உலோகம் சுற்றியிருக்கிறது என்பதும் சேர்ந்ததுதான் இழுவிசை. டடாரியோ போன்ற நிறுவனங்கள் ஒவ்வொரு ஸ்ட்ரிங்கின் இழுவிசையையும் பவுண்டில் வெளியிடுகின்றன. பழைய செட்டின் நான்கு எண்களையும் புதிய செட்டின் நான்கு எண்களையும் கூட்டிப் பாருங்கள். மொத்தம் ஐந்து பவுண்டுக்குள் வேறுபட்டால் ராடைத் தொடும் வேலையே வராமல் போகலாம். இருபது பவுண்டு வேறுபட்டால் முழு செட்டப்புக்குத் தயாராக இருங்கள்.

கடலோரத்தில் ஈரமும் ஸ்ட்ரிங்கும் நேரடியாகவே மோதுகின்றன. உப்புக் காற்றும் விரல் வியர்வையும் சேர்ந்தால் நிக்கல் பூசிய எஃகு ரவுண்ட்வவுண்ட் சில வாரங்களில் மங்கும், கறை படியும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருவை நன்றாகத் தாங்கும். ஆனால் கடினமானது, ஃபிரெட்டைச் சீக்கிரம் தேய்க்கும், கைக்குச் சொரசொரப்பு. மெல்லிய பூச்சு போட்ட ஸ்ட்ரிங் பல மடங்கு நாள் வரும், விலையும் அப்படியே. ஃப்ளாட்வவுண்டில் அழுக்கு சேரப் பள்ளம் இல்லை, ஆண்டுக்கணக்கில் ஓடும்.

சென்னையில் வீட்டில் பழகும் ஒரு புதியவர் என்னிடம் கேட்டால், நிக்கல் பூசிய 45–100 ரவுண்ட்வவுண்டில் தொடங்கி, வாசித்ததும் பருத்தித் துணியால் ஒவ்வொரு ஸ்ட்ரிங்கையும் மேலும் கீழும் துடைக்கச் சொல்வேன். இளையராஜாவின் பழைய பாடல்களில் கேட்கும் உருண்டையான பேஸ் ஒலியில் மனம் போகிறவர்கள் ஒரு ஃப்ளாட்வவுண்ட் செட் வாங்கலாம். நம் காற்றுக்கு அது சிக்கனமும் கூட. கட்டைவிரலால் அடித்து வாசிக்கும் ஸ்லாப் பழக நினைப்பவர்களுக்கு ரவுண்ட்வவுண்ட்தான்.

ஒரு எச்சரிக்கை: கனமான செட் நட்டின் பள்ளத்தில் உட்காருமா என்று பாருங்கள். 100 இருந்த இடத்தில் 105 பெரும்பாலும் உட்கார்ந்துவிடும். 110 மேலேயே தொங்கினால் அந்தப் பள்ளத்தை அகலப்படுத்துவது தேர்ந்த கைக்கான வேலை. அதிகமாக அராவிவிட்டால் நட்டையே மாற்ற வேண்டிவரும்.

செட்டப்: இந்த வரிசையிலேயே

தேவையானவை: ட்யூனர், உங்கள் ராடுக்கும் சேடிலுக்கும் சரியாகப் பொருந்தும் ஆலன் கீ, ஸ்க்ரூ டிரைவர், அரை மில்லிமீட்டர் கோடு உள்ள ஸ்டீல் ஸ்கேல், ஸ்ட்ரிங்குகளை ஒரு ஃபிரெட்டில் அழுத்திப் பிடிக்கும் கேப்போ, மெல்லிய இடைவெளியை அளக்கும் தகடுகளான ஃபீலர் கேஜ். ஃபீலர் கேஜுக்கு இசைக்கடை ஏறி இறங்க வேண்டாம். பைக் மெக்கானிக்குகள் டேப்பட் செட் செய்வது அதில்தான், ஆட்டோமொபைல் ஸ்பேர் கடையில் கிடைக்கும். ஆலன் கீயில் அங்குல அளவும் மில்லிமீட்டர் அளவும் உண்டு. ஏறக்குறைய பொருந்துவதைப் போட்டுத் திருகினால் ராடைத் திருகும் நட்டின் உள்முனை மழுங்கிவிடும், அப்புறம் செலவு பெரிது.

புதிய ஸ்ட்ரிங்கை ஒவ்வொன்றாக மாற்றுங்கள். நான்கையும் ஒரே நேரத்தில் கழற்றினால் நெக் திடீரென்று விசை இழக்கும். சுருதி சேர்த்து, கருவி வழக்கமாக இருக்கும் அறையிலேயே ஒரு நாள் விடுங்கள். மறுநாள் மீண்டும் சுருதி சேர்த்த பிறகுதான் அளவு. வாசிக்கும் நிலையில், மடியில் வைத்தபடி அளப்பது நல்லது. தரையில் படுக்க வைத்தால் நெக்கின் எடையே அளவைக் கொஞ்சம் மாற்றும்.

முதலில் ரிலீஃப், அதாவது நெக்கின் குழிவு. முதல் ஃபிரெட்டில் கேப்போ போடுங்கள். நெக் உடம்போடு சேரும் இடத்தில் உள்ள ஃபிரெட்டில் ஈ ஸ்ட்ரிங்கை அழுத்துங்கள். இப்போது ஸ்ட்ரிங்கே ஒரு நேர்க்கோல். எட்டாவது ஃபிரெட்டின் தலைக்கும் ஸ்ட்ரிங்கின் அடிக்கும் நடுவில் உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் அளங்கள். பலகையின் வளைவு ஆரம் 9.5 முதல் 12 அங்குலம் உள்ள பேஸுக்கு ஃபெண்டர் சொல்வது 0.3 மி.மீ. கேஜ் கைவசம் இல்லையென்றால் ஒரு விசிட்டிங் கார்டு ஏறக்குறைய அந்தக் கனம் இருக்கும். கார்டு உரசியும் உரசாமலும் நுழைந்தால் சரி.

இடைவெளி கூடுதலாக இருந்தால் ராடைக் கடிகாரம் சுற்றும் திசையில் இறுக்குங்கள், நெக் நேராகும். இடைவெளியே இல்லையென்றால் எதிர்த்திசையில் தளர்த்துங்கள். ஒரு தடவைக்கு எட்டில் ஒரு சுற்று. கால் சுற்றுக்கு மேல் ஒரே நாளில் வேண்டாம். இறுக்கும் முன் ஸ்ட்ரிங்குகளைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டால் ராடுக்குச் சிரமம் குறையும். திருகியதும் சுருதி சேர்த்து மறுபடி அளங்கள். மரம் மெதுவாகத்தான் அடங்கும், அதனால் மறுநாளும் ஒருமுறை அளங்கள். சில பழைய பாணி பேஸ்களில் ராடின் நட் உடம்புப் பக்கம் ஒளிந்திருக்கும், நெக்கைக் கழற்றினால்தான் எட்டும். அதைப் புதியவர்கள் தொட வேண்டாம்.

ரிலீஃப் சரியான பிறகுதான் ஆக்‌ஷன். ஆக்‌ஷன் உயரமாக இருக்கிறது என்று ராடைத் திருகுவது மிகப் பரவலான தவறு. ராடு வளைவுக்கு, சேடில் உயரத்துக்கு. கேப்போவை எடுத்துவிட்டு 17ஆவது ஃபிரெட்டின் தலையிலிருந்து ஸ்ட்ரிங்கின் அடி வரை அளங்கள். ஈ பக்கம் 2.4 மி.மீ., ஜி பக்கம் 2 மி.மீ. என்று வைத்துத் தொடங்குங்கள். நடுவிலுள்ள ஏ, டி ஸ்ட்ரிங்குகள் பலகையின் வளைவைப் பின்பற்ற வேண்டும். பிறகு ஒவ்வொரு ஃபிரெட்டிலும் வழக்கமான வேகத்தில் வாசித்துப் பாருங்கள். முதல் ஐந்து ஃபிரெட்டில் மட்டும் இரைந்தால் ரிலீஃப் குறைவு. பன்னிரண்டுக்கு மேலே இரைந்தால் சேடில் தாழ்வு, அல்லது ரிலீஃப் அதிகம். விரல் வைக்காமல் மீட்டும்போது மட்டும் இரைந்தால் நட்டின் பள்ளம் ஆழம். ஒரே ஒரு ஃபிரெட்டில் மட்டும் இரைந்தால் அடுத்த ஃபிரெட் தூக்கியிருக்கலாம். அது செட்டப்பால் தீராது. ஆம்ப்பில் கேட்காத மெல்லிய இரைச்சலைத் துரத்த வேண்டாம், பேஸில் அது இயல்பு.

மூன்றாவது இன்டொனேஷன், அதாவது எல்லா ஃபிரெட்டிலும் சுருதி சரியாக ஒலிப்பது. பன்னிரண்டாவது ஃபிரெட்டில் ஸ்ட்ரிங்கை லேசாகத் தொட்டு ஹார்மோனிக் எடுத்து ட்யூனரில் பாருங்கள். அதே ஃபிரெட்டை அழுத்தி வாசித்துப் பாருங்கள். அழுத்தியது உயர்ந்து ஒலித்தால் சேடிலைப் பின்னுக்கு, நெக்கை விட்டுத் தள்ளி நகர்த்துங்கள். தாழ்ந்து ஒலித்தால் முன்னுக்கு. கனமான ஸ்ட்ரிங்குக்குச் சேடில் இன்னும் பின்னால் போக வேண்டியிருக்கும், அதனால் செட் மாறினால் இதையும் பார்த்தே ஆக வேண்டும். செத்துப்போன பழைய ஸ்ட்ரிங்கில் இன்டொனேஷன் சரியாகவே வராது.

கடைசியாக, ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப்பின் உயரம். கடைசி ஃபிரெட்டை அழுத்திக்கொண்டு ஸ்ட்ரிங்குக்கும் பிக்கப்பின் காந்த முனைக்கும் நடுவே ஈ பக்கம் சுமார் 3 மி.மீ., ஜி பக்கம் அதைவிடக் கொஞ்சம் குறைவு. அதற்கப்புறம் காதுதான் முடிவு செய்ய வேண்டும்.

ஆண்டு முழுவதும்

ஒரு சிறிய நோட்டில் தேதி, அறையின் ஈரப்பதம், ஸ்ட்ரிங் செட், ரிலீஃப், 17ஆவது ஃபிரெட்டின் உயரம், ராடை எந்தப் பக்கம் எவ்வளவு திருகினீர்கள் என்று எழுதிவையுங்கள். கடலோரத்தில் ஆண்டுக்கு இரண்டு முறை பார்த்தால் பெரும்பாலும் போதும்: அக்டோபரில் மழை பிடித்து இரண்டு மூன்று வாரம் ஆனதும் ஒருமுறை, பிப்ரவரியில் காற்றில் ஈரம் குறைந்ததும் ஒருமுறை. ஓர் ஆண்டு முடிந்தால் உங்கள் நெக் மழையில் எந்தப் பக்கம் போகிறது என்று அந்த நோட்டே சொல்லிவிடும். ஒவ்வொரு மழைக்கும் ராடை இறுக்கி, பிப்ரவரியில் அதே அளவு தளர்த்துவது உங்கள் கருவியின் இயல்பாக இருந்தால் அதில் குறை ஒன்றும் இல்லை. புதிதாக வாங்கும் எண்ணம் இருந்தால், வறுத்த மேப்பிள் நெக் ஈரத்தைக் குறைவாகவே குடிக்கும் என்பதையும், சில நெக்குகளின் உள்ளே கார்பன் ஃபைபர் பட்டை வைத்திருப்பார்கள் என்பதையும் கடையில் விசாரித்துப் பாருங்கள்.

ராடின் நட் இறுக்கத்தின் எல்லைக்குப் போயும் குழிவு குறையவில்லை என்றால், அல்லது முழுக்கத் தளர்த்தியும் நெக் பின்னால் வளைந்தே நின்றால், கையை எடுத்துவிடுங்கள். நெக் முறுக்கிக்கொண்டு ஈ பக்கம் ஒரு ரிலீஃபும் ஜி பக்கம் வேறொரு ரிலீஃபும் காட்டினாலும் அப்படித்தான். கிட்டார் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோகும்போது, நீங்கள் வழக்கமாகப் போடும் ஸ்ட்ரிங் செட்டை மாட்டி, வாசிக்கும் சுருதியில் வைத்தே கொடுங்கள். கூடவே அந்த நோட்டையும். வேலை முடிந்து வீட்டுக்குக் கொண்டுவந்தபின் இரண்டு நாள் உங்கள் அறையில் வைத்துவிட்டு ரிலீஃபை நீங்களே ஒருமுறை அளந்துபாருங்கள். அவருடைய பட்டறையில் ஏசி ஓடியிருந்தால் எண் கொஞ்சம் நகர்ந்திருக்கும். எட்டில் ஒரு சுற்றில் அது சரியாகிவிடும்.